கப்பலில் வந்த அழுகை

சான் ரோக்கே சந்தையில் கருவாடு விற்கும் லித்தாவின் வீட்டில் வளர்ந்த ஜெசெலுக்கு, வெள்ளிக்கிழமை வெந்நீர் கொட்டிய கை திங்கட்கிழமை மத்தியானம்தான் சுட்டது. கொட்டியபோது கையைத் துணியால் துடைத்துக்கொண்டாள். தோல் சிவந்து கொப்புளம் கிளம்புவதைப் பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தாள். மிச்சமிருந்த வெந்நீரில் பெரியம்மாவுக்குக் காப்பி கலந்து கொடுத்தாள். திங்கட்கிழமை கணக்கு வகுப்பில் திடீரென்று எழுந்து கையை உதறிக்கொண்டு அலறினாள். பின்னால் இருந்தவன் பேனாவால் குத்திவிட்டான் என்று முடிவுசெய்த வாத்தியார் அவனைக் கொடிக்கம்பத்தடியில் நிற்க வைத்தார். வெயில் அவனுக்கு உடனே சுட்டது. அந்த வருஷம் ஜெசெலுக்குப் பதின்மூன்று வயது.

சந்தைக்காரர்கள் அடுத்த வீட்டு விஷயத்தை மோப்பம் பிடித்துவிடுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நம்புகிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. தங்கள் வியாபாரத்தில் கை வைத்தால்தான் மூக்கு வேலை செய்யும். லித்தாவின் கடைக்கு எதிரே பன்றிக்கறி விற்ற தியோபிஸ்தோ ஒருநாள், கவுன்சிலர் வந்து தன் கடையில் தொங்கிய பன்றித் தலையைக் காட்டித் தலை என்ன விலை என்று கேட்டதாகவும், தான் எந்தத் தலை என்று திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதை சொன்னார். சந்தையே சிரித்தது. ஜெசெல் மட்டும் நெத்திலியைக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். தியோபிஸ்தோவுக்கு அது மனசுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது; கறியில் எலும்பு அதிகம் என்று சொன்னால்கூடத் தாங்கிக்கொள்வார், நகைச்சுவையில் குறை என்றால் தாங்கமாட்டார். அதற்கடுத்த வாரம், புருஷனை அடக்கம் செய்துவிட்டுச் சாவு வீட்டுச் சாப்பாட்டுக்குக் கருவாடு வாங்க வந்த ஒரு அம்மாவின் முகத்துக்கு நேரே ஜெசெல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த அம்மா தராசிலிருந்த சரக்கை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டாள். லித்தா ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்து, என்ன கண்றாவி இது என்று கேட்டாள்.

“இப்பத்தான் வந்துச்சு பெரியம்மா.”

“எது?”

“அந்தத் தலை.”

லித்தாவை மானாங், அதாவது அக்கா, என்று கூப்பிடுகிற தியோபிஸ்தோ கத்தியைக் கீழே வைத்தார். பிறகு, “இந்தப் பொண்ணுக்கு எல்லாம் கப்பல்ல வருது மானாங். நமக்கெல்லாம் ஃபிளைட்ல வருது,” என்றார். எங்கள் ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பாதி வீடுகளில் யாராவது ஒருத்தர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பெரிய அட்டைப்பெட்டிகள் கப்பலில்தான் வருகின்றன. கிறிஸ்துமஸுக்கு வாங்கிய சாக்லேட்டை, மேலே வெள்ளை பூத்த பிறகு, ஈஸ்டருக்குத்தான் தின்கிறோம். தின்றவர் யாரும் செத்துப்போனதில்லை. அதனால் ஜெசெலின் விஷயத்தையும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விமானத்தில் வராவிட்டால் என்ன, வந்தால் சரி என்று விட்டுவிட்டார்கள்.

ஆனால் தாமதம் நீண்டுகொண்டே போனது. கோடையில் தின்ற மாம்பழம், தென்மேற்குக் காற்று அடிக்கும்போது வெறும் சோற்றை வாயில் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் இனித்தது. சிநேகிதி ஒருத்தி சண்டை போட்டாள். அதற்கான கோபம் வந்து சேர்ந்தபோது அந்தச் சிநேகிதி அதே சண்டையை வேறு நாலு பேரோடு போட்டுச் சமாதானமும் ஆகியிருந்தாள். காரணம் மறந்துபோன கோபத்தை யார் மதிப்பார்கள்? ஒவ்வொருத்தியாக நகர்ந்து போனார்கள். பசியும் அப்படித்தான். வயிறு காலியாக இருக்கும்போது பசிக்காது. என்றோ பசித்திருக்க வேண்டிய பசி, நன்றாகச் சாப்பிட்டு முடித்த பிறகு வரும். இதனால் பெண் இளைத்தாள். முடி சீவுவது, பள்ளிக்கூடம் போவது, வாசலுக்கு வருவது எல்லாம் ஒவ்வொன்றாக நின்றன. கேட்டால் வருத்தமாக இருக்கிறது என்றுகூடச் சொல்லமாட்டாள். வருத்தமும் கப்பலில்தான் இருந்தது. அவளிடம் இருந்ததெல்லாம் காலித் துறைமுகம்.

இவள் அம்மா மெர்லிண்டா லித்தாவின் தங்கை. ஜெசெலுக்கு இரண்டு வயது நிறைவதற்கு முன்பே ஹாங்காங்குக்கு வீட்டு வேலைக்குப் போனவள். அப்பா மணிலாவில் கட்டட வேலைக்குப் போனார். அந்தக் கட்டடம் இன்னும் முடியவில்லை என்றே தெரிகிறது, ஆள் திரும்பவில்லை. மெர்லிண்டா போன விதம் எங்கள் ஊரில் எல்லா அம்மாக்களும் போகும் விதம்தான். விழித்திருக்கும் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டு போகக்கூடாது. பிள்ளை பின்னால் அழுதால் ஏக்கம் உள்ளே இறங்கிக் காய்ச்சலாகும். அதனால் பிள்ளை தூங்கும்போது நழுவிவிட வேண்டும். நழுவுவதற்கு முன், தான் போட்டுக் கழற்றிய சட்டை ஒன்றைத் துவைக்காமல் பிள்ளையின் தலைமாட்டில் வைத்துவிட வேண்டும். எழுந்த பிள்ளை சட்டையின் வாசனையை அம்மா என்று நினைத்துக்கொள்ளும். இரண்டு நாள் நினைத்துக்கொண்டால் போதும், பிறகு பழகிவிடும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றுவதாக நாங்கள் நினைத்ததில்லை. மெர்லிண்டாவும் விடிகாலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தாள். குழந்தை எழுந்தது, பக்கத்தில் பார்த்தது, சட்டையைப் பார்த்தது, அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. அழவில்லை.

அழாத குழந்தை என்று ஜெசெலுக்குப் பெயர் வந்தது. ஊசி போட்டபோது அழவில்லை, நாய் துரத்தியபோது அழவில்லை. மெர்லிண்டா ஒப்பந்தம் முடிந்து ஊருக்கு வரும்போதெல்லாம் குழந்தை அவள் கையை எடுத்து மரியாதையாக நெற்றியில் வைத்துக்கொண்டது. விடுப்பு முடிந்து அவள் விடிகாலையில் நழுவும்போதெல்லாம் எழுந்து, புதுச் சட்டை எது என்று பார்த்து, மடித்துப் பெட்டியில் வைத்தது. மற்ற வீடுகளில் பிள்ளைகள் அம்மாவைத் தேடித் தரையில் புரண்டபோது, லித்தாவைக் கூப்பிட்டு எப்படி வளர்த்தாய் என்று விசாரித்தார்கள். லித்தா பெருமையாக, “நான் என்னத்த வளர்த்தேன், தங்கமான பிறவி,” என்பாள். நாங்களும் அப்படியே நம்பினோம். சத்தம் வராத பெட்டியில் சரக்கு இல்லை என்று நினைக்கிற வியாபாரி உலகத்திலேயே எங்கள் சந்தையில்தான் இருக்க முடியும்.

பதினோரு வயதில் நடந்த ஒன்று லித்தாவுக்கு மட்டும் தெரியும். அந்த முறை மெர்லிண்டா பையைத் தூக்கிக்கொண்டு கட்டிலருகே நின்று பார்த்தபோது ஜெசெல் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள், மூச்சு அவ்வளவு ஒழுங்காக வந்தது. மெர்லிண்டா நிம்மதியாகக் கிளம்பினாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் ஜெசெல் கண்ணைத் திறந்து, “பஸ் கிடைச்சிடுமா பெரியம்மா?” என்று கேட்டாள். ஒவ்வொரு தடவையும் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தாளா என்று லித்தா கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தாள். மீன் காயவைக்கும் வேலை இருந்தது.

பதினாலாவது வயதில், பௌர்ணமியை ஒட்டிப் படகுகள் கடலுக்குப் போகாத நாட்களில் ஒரு காலை, வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவர் தண்ணீருக்குள் ஒரு தலை நிற்பதைப் பார்த்தார். நீந்தவில்லை, தத்தளிக்கவில்லை. ஏறுகிற அலை முகவாயைத் தாண்டி உதட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவர் இறங்கிப் போய்க் கையைப் பிடித்து இழுத்தபோது ஜெசெல் மறுக்காமல் கூடவே நடந்து வந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது; உடம்பு நடுங்கவில்லை. சந்தையில் இருந்து ஓடிவந்த லித்தா செருப்பைக் கழற்றி அடிக்கப் போனவள், அடிப்பதும் எப்போது போய்ச் சேருமோ என்று தோன்றிச் செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

“என்னடி பண்ணிட்டிருந்தே அங்க?”

“உடம்புக்கு ஏதாவது தெரியுதான்னு பாத்தேன்.”

“தெரிஞ்சுதா?”

“இல்ல.”

சுகாதார நிலையத்தில் அப்போது வில்லாருஸ் என்ற இளம் டாக்டரம்மா இருந்தார். அவர் ஜெசெலோடு தனியாக ரொம்ப நேரம் பேசினார். பிறகு லித்தாவைக் கூப்பிட்டு, இது மனச்சோர்வு என்ற நோய், இந்த வயதில் நிறையப் பேரைப் பிடிக்கிறது, குணப்படுத்தலாம் என்றார். மாத்திரை கொடுத்தார், வாரா வாரம் கூட்டிவரச் சொன்னார், கொஞ்ச நாளைக்கு இவளைத் தனியே விடக்கூடாது என்றார். சின்ன வயதில் அழுது அழுது ஆள் வராமல் போன குழந்தைகள் சிலர், அழுவது வீண் என்று தெரிந்துகொண்டு நிறுத்திவிடுவார்கள், நிறுத்தியதால் அது தீர்ந்துவிட்டதாக ஆகாது என்றும் சொன்னார். லித்தா இந்தக் குழந்தை ஒருதடவைகூட அழவில்லையே என்றாள். டாக்டர் தலையாட்டினார். கப்பல் விஷயத்தைச் சொன்னபோதும் டாக்டர் ஆச்சரியப்படவில்லை. அவர் பார்க்கிற நோயாளிகளில் அது நடுத்தரமான விஷயமாக இருந்திருக்கலாம்.

“மாத்திரை தாமதத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆனா ஏற்கெனவே ஏத்தினதெல்லாம் வந்துதான் சேரணும். வரும்போது பக்கத்துல ஆள் இருக்கணும்மா. அவ அம்மா இருந்தா நல்லது.”

லித்தாவுக்குச் சுருக்கென்றது. “இத்தனை வருஷமா நான் பக்கத்துல இல்லாம வேற யாரு இருந்தா டாக்டர்?”

“நீங்க இருந்ததாலதான் அவ கையப் பிடிச்சு இழுத்ததும் கூடவே வந்தா,” என்றார் டாக்டர்.

லித்தா அன்று சாயங்காலம் ஹாங்காங்குக்குப் போன் போட்டாள். என்ன சொன்னாள் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் எப்போதும் சந்தைக்கே கேட்கும்படி பேசுகிறவள் அன்று கருவாட்டுக் கூடைக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினாள். மெர்லிண்டா அந்த வாரமே வந்து இறங்கினாள். முதலாளியம்மா கொடுத்த விடுப்பு, அடுத்த பௌர்ணமி வரை. அவசரத்திலும் பெட்டி கட்டத் தவறவில்லை: சோப்பு, தகரத்தில் அடைத்த இறைச்சி, துண்டுகள், ஒரு ஜோடி ஷூ. ஷூ ஜெசெலின் போன வருஷக் காலுக்குச் சரியாக இருந்தது. ஜெசெல் அம்மாவின் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு, பயணம் எப்படி இருந்தது, சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். விருந்தாளிக்கு எடுக்கும் தட்டை எடுத்தாள். மெர்லிண்டா குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

அவள் பிறகு லித்தாவிடம் சொன்னது இதுதான். ஹாங்காங்கில் அவள் வளர்க்கும் பையன், அவள் கிளம்புகிறாள் என்றதும் வாசலில் விழுந்து புரண்டான். அந்த வீட்டில் பிள்ளைக்குத் தெரியாமல் யாரும் வெளியே போகக்கூடாது. எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவன் அழுது முடிக்கும்வரை நிற்க வேண்டும், அது முதலாளியம்மாவின் சட்டம். மார்க்கெட்டுக்குப் போனாலும் அதே சட்டம். மெர்லிண்டா அந்தச் சட்டத்தை வருஷக்கணக்காக ஒழுங்காகக் கடைப்பிடித்தாள். பணக்காரர்களின் பிள்ளைக்கு அழுவதற்கு நேரம் இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தாள்.

“அந்தப் பையன் என் காலக் கட்டிக்கிட்டு அழுதான் மானாங். இவ எனக்கு நாற்காலி போட்டா.”

லித்தா, நாற்காலியாவது போட்டாளே என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

விடுப்பு முழுக்க மெர்லிண்டா பேரம் பேசிப் பார்த்தாள். இரத்தம் அப்படி, அக்கா தங்கை இருவருக்கும் அப்பா, கடலில் பிடிபடாத மீனுக்கே விலை பேசியவர். ஜெசெலுக்குப் பிடித்ததைச் சமைத்தாள், கதை சொன்னாள், கோபப்பட்டுப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். ஜெசெல் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டாள். மாத்திரையால் தூக்கம் மட்டும் வந்தது. மற்றபடி எதுவும் வந்துசேர்கிற அறிகுறி இல்லை. நிலா நிறைந்துகொண்டே வந்தது. எதிர்க்கடை தியோபிஸ்தோ முதல் சுகாதார நிலைய வாசலில் காத்திருக்கிறவர்கள் வரை எல்லாருக்கும் ஒரே கவலைதான்: இவள் வந்ததற்கான சந்தோஷம் பிள்ளைக்குப் போய்ச் சேர்வதற்குள் இவள் போயிருப்பாள், போனதும், போன வருத்தம் வேறு தனியாகக் கப்பலில் ஏறும். அடுத்த தடவை கடலுக்குப் பக்கத்தில் வலை தைக்க ஆள் இருப்பாரா என்று யாரால் சொல்ல முடியும். ஆனாலும் பழக்கம் பழக்கம்தான். கடைசி நாள் லித்தா தானாகவே தங்கை கழற்றிப் போட்ட சட்டை ஒன்றை எடுத்து, துவைக்கிற துணிகளோடு கலந்துவிடாமல் தனியே மடித்து வைத்தாள்.

விடிகாலையில் முதல் பஸ் ஹாரன் அடித்தது. மெர்லிண்டா பையோடு வாசலுக்கு வந்தவள், திரும்பிப் போய் அந்தச் சட்டையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். வாளியில் தண்ணீர் பிடித்தாள். ஹாங்காங்கிலிருந்து தானே கொண்டுவந்த சோப்பை அதில் போட்டு, சட்டையை அமுக்கி, வாசனை போகும்வரை கசக்கித் துவைத்தாள். பஸ் இரண்டாம் முறை ஹாரன் அடித்துவிட்டுப் போனது. வெயில் வந்து, ஜெசெல் எழுந்து கொல்லைக்கு வந்தபோது சட்டை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

“நான் போகல இந்தாய்,” என்றாள், எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளைச் செல்லமாகக் கூப்பிடும் சொல்லால்.

ஜெசெல் கொடியைப் பார்த்தாள். “சரி. அப்ப அரிசி கூடப் போடணும்,” என்று உள்ளே போனாள்.

சந்தை இதைப் படுமோசமான வியாபாரம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. மாதம் பிறந்தால் கைக்கு வருவதை விட்டுவிட்டு, எப்போது வரும், வருமா என்றே தெரியாத சரக்குக்காகக் காத்திருப்பதை எங்களில் யாரும் செய்யமாட்டோம். மெர்லிண்டா லித்தாவின் கடையில் பாதிப் பலகையை வாங்கிக்கொண்டு கணவாய்க் கருவாடு விற்க ஆரம்பித்தாள். ஆரம்பத்தில் அவள் விலை சொல்லும் தோரணையே சரியில்லை. வெளிநாட்டுக் கடைகளில் பழகிய ஆள் மாதிரி ஒரே விலையைச் சொல்லிவிட்டு நின்றாள், வாங்க வந்தவர்கள் அவமானப்பட்டுப் போனார்கள். நடுவில் ஒரு முக்காலியில் ஜெசெல். வீட்டில் தனியே விடாமலிருக்க அங்கே உட்காரவைத்தார்கள். அவள் எடை போட்டாள், பொட்டலம் கட்டினாள். மெர்லிண்டா அவள் பக்கத்தில் இருந்தாள். டாக்டர் சொன்னது அவ்வளவுதான், அதற்கு மேல் என்ன செய்வதென்று அவளுக்கும் தெரியவில்லை.

முதலில் கடல் வந்தது. அனல் பறக்கும் ஒரு மத்தியானம் ஜெசெல் பற்கள் கிட்டி நடுங்க ஆரம்பித்தாள், உதடு நீலமானது, கையிலிருந்த பொட்டலம் விழுந்தது. “தண்ணி வாய்க்குள்ள வருது,” என்று கத்திக்கொண்டு அம்மாவின் தோளைப் பற்றினாள். முக்காலியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டித் தரையில் ஓடி, தியோபிஸ்தோவின் கடை வரை போனது. அவர் தன் கறியைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, ஒரு துணியை எடுத்துக் கொடுத்தார். மெர்லிண்டா அவளைத் துவட்டினாள். லித்தா நனைந்த நெத்திலியைத் திரும்பவும் வெயிலில் பரப்பினாள், அதில் உப்பு கொஞ்சம் கூடியிருந்தது, வாங்கியவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் இதைக் கேட்டுவிட்டு, சரக்கு இறங்கும் முறை அப்படித்தான், கடைசியாக ஏற்றியது முதலில் இறங்கும் என்றார்கள். அவர்கள் கணக்குப்படி மெர்லிண்டா வந்த நாளின் சந்தோஷம் கடலுக்கும் முன்னால் வந்திருக்க வேண்டும். அது வரவில்லை. அப்படி ஒன்று ஏறியதா என்பதே சந்தேகம் என்று தியோபிஸ்தோ சொன்னார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்பதுபோல் வெகுநேரம் கத்தியைத் தீட்டினார்.

அதன்பிறகு வரிசையாக இறங்கின. சிநேகிதிகள் விலகிப்போன வருத்தம் ஒரு வாரம் முழுவதும் வந்தது. பதினோரு வயதில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்த அந்த விடிகாலை ஒரு மழைநாள் சந்தையில் வந்தது: ஜெசெல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, மூச்சை ஒழுங்காக விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் ஓடியது. மெர்லிண்டா அப்போதுதான் தெரிந்துகொண்டாள். அக்காவைப் பார்த்தாள். லித்தா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைக்கத் தேவையில்லாத தராசு. பிறகு ஒன்பது வயது வந்தது, ஏழு வந்தது, ஐந்து வந்தது. ஒவ்வொன்றும் வரும்போது பெண் அந்தந்த உயரத்துக்கு ஒடுங்கிக்கொண்டாள். மெர்லிண்டா எதற்கும் ஏன் என்று கேட்கவில்லை, அழாதே என்று சொல்லவில்லை. ஹாங்காங்கில் கற்றுக்கொண்டதுபோல், முடியும்வரை நின்றாள். வாங்க வந்தவர்கள் முதலில் தயங்கினார்கள், பிறகு, “இன்னைக்கு எத்தனை வயசு?” என்று விசாரித்துவிட்டுத் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்கள்.

அடியில் ஒன்று பாக்கி இருப்பது எல்லாருக்கும் தெரியும். அது ஊர்த் திருவிழா அன்று வந்தது. புனிதரின் சொரூபம் சந்தைத் தெருவில் வந்துகொண்டிருந்தது, பேண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. ஜெசெல் முக்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் கையால் தடவித் தேடினாள். அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று கண்டுகொண்டதும், பதினைந்து வயதை நெருங்கும் பெண்ணின் வாயிலிருந்து இரண்டு வயதுக் குழந்தையின் குரல் கிளம்பியது. வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக ஊதுவதை நிறுத்தினார்கள். சொரூபத்தைத் தூக்கி வந்தவர்கள் தோளில் பாரத்தோடு நின்றார்கள். இவ்வளவு காலம் கிடங்கில் கிடந்தும் அந்த அழுகை கொஞ்சம்கூட வாடவில்லை என்று அங்கே நின்றவர்கள் சொல்கிறார்கள். மெர்லிண்டா தரையில் உட்கார்ந்து அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். கால்கள் மடிக்கு வெளியே வெகுதூரம் நீண்டுகிடந்தன. “இருக்கேன். போயிட்டேன், வந்துட்டேன், இப்ப இருக்கேன்,” என்று அவள் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஜெசெலின் உடம்பு பலகை மாதிரி விறைத்திருந்தது. அழுதது இரண்டு வயதுப் பிள்ளை, அந்தப் பிள்ளையை அணைக்க ஆள் இல்லை. அணைத்தது இன்றைய அம்மா, இன்றைய பிள்ளைக்கு அது இன்னும் வந்துசேரவில்லை. மெர்லிண்டாவுக்கு இது தெரிந்திருந்தது. தெரிந்தும் கையை எடுக்கவில்லை. அழுகை தானாக நின்றபோது ஜெசெல் எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு, அம்மாவின் முட்டி சிராய்த்திருக்கிறது, மருந்து போட வேண்டும் என்றாள். ஊர்வலம் நகர்ந்தது.

கப்பல் காலி என்று துறைமுகத்துக்காரர்கள் அறிவித்தார்கள். அதற்காக ஒன்றும் மாறிவிடவில்லை. ஜெசெல் கொஞ்சம் சாப்பிட்டாள், பள்ளிக்கூடத்துக்குப் பாதி நாள் போனாள், டாக்டரிடம் போவதையும் மாத்திரையையும் விடவில்லை. முகம் பழைய முகம்தான், சாத்திய கடைமாதிரி. மெர்லிண்டா தினமும் காலையில் அவள் தலையைச் சீவிவிட்டு, தான் எங்கே போகிறாள், எப்போது வருவாள் என்பதை முகத்தைப் பார்த்துச் சொன்னாள். பக்கத்துத் தெருக் குழாயடிக்குப் போனாலும் சொன்னாள். ஜெசெல் சரி என்பாள். இதைப் பார்த்து லித்தாவும் சொல்ல ஆரம்பித்தாள். பிறகு தியோபிஸ்தோ, கிடங்கிலிருந்து கறி எடுக்கப் போகும்போது, “இந்தாய், நான் போயிட்டு வந்துடறேன், பயப்படாதே,” என்று கேலியாகச் சொன்னார். கேலி சில நாளில் உதிர்ந்து, வெறும் வழக்கமாகிவிட்டது. இப்போதும் எங்கள் சந்தையில் கடையை விட்டு எழுந்திருக்கிறவர்கள் எங்கே போகிறோம் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். அவளிடம் சொல்ல விரும்பும் வேடிக்கைக் கதையை மழைக்காலத்திலேயே சொல்லிவைத்தார்கள், கிறிஸ்துமஸுக்காவது சிரிக்கட்டும் என்று.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில், கறிக்கடைகள் ஈயோட்டும்போது கருவாட்டுக் கடைகளில் நிற்க இடமிருக்காது. அப்படி ஒரு மத்தியானம், சாப்பாட்டுக் கடைக்குப் போய்ச் சோறும் சூப்பும் வாங்கி வருகிறேன் என்று ஜெசெலிடம் சொல்லிவிட்டு மெர்லிண்டா போனாள். ஜெசெல் நெத்திலியை நிறுத்துக்கொண்டிருந்தாள். தராசில் கையை வைத்தபடியே நின்றாள். அவள் தோள்கள் இரண்டு பக்கத்திலிருந்தும் யாரோ அழுத்துவதுபோல் உள்ளே ஒடுங்கின. சட்டை முதுகில் ஐந்து விரல் அகலத்துக்குச் சுருங்கிப் படிந்தது. மெதுவாக முக்காலியில் உட்கார்ந்து, யாரும் இல்லாத இடப்பக்கமாகச் சாய்ந்தாள். சாய்ந்துகொண்டே போனாள். எந்தப் பெண்ணும் அந்தச் சாய்வில் விழுந்திருப்பாள். அவள் விழவில்லை. தலையை எதன்மேலோ வைத்துக்கொண்டு, உடம்பை முழுவதுமாக விட்டுவிட்டாள், மூட்டையை இறக்கி வைக்கிற மாதிரி. கண்ணை மூடிக்கொண்டாள், மூச்சு ஒழுங்காக வரவில்லை, தாறுமாறாக வந்தது. லித்தா அவள் கையிலிருந்த நெத்திலியை வாங்கித் தானே நிறுத்துப் போட்டாள். தியோபிஸ்தோ வெறுமனே சுற்றிக்கொண்டிருந்த தன் கடை மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவைத்தார். கருவாடு வாங்க வந்தவர்கள் சாய்ந்திருந்த பெண்ணுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கையை நீட்டிப் பொட்டலங்களை வாங்கிக்கொண்டார்கள். ஒரு கைக்குழந்தைக்காரி மட்டும், யார்மேல் சாய்ந்திருக்கிறாள் என்று கேட்டாள்.

“அவ அம்மா மேல,” என்றாள் லித்தா. “கால் கிலோவா, அரையா?”

மெர்லிண்டா சோற்றுப் பொட்டலத்தோடும் சூப் கட்டிய பிளாஸ்டிக் பையோடும் வந்தாள். எப்போதும் உட்காரும் இடத்துக்குப் போகக் காலெடுத்து வைத்தவள், மகள் சாய்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு நின்றாள். அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தது. தொட்டால் கலைந்துவிடுமோ என்று பையைக்கூடக் கீழே வைக்காமல், கூட்டம் இடிக்க இடிக்க அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். சூப் ஆறியது. அன்று நெத்திலி, நோன்பு நாட்களில் வழக்கமாகப் போகும் விலைக்குத்தான் போனது.